கொண்டெய்னர்: உங்கள் லெப்டொப்புக்குள் உண்மையில் என்ன ஓடுகிறது?

நிலாவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு அறை முன்பதிவுச் செயலி ஒன்றை நாலு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படியான புரொஜெக்ட் புதிதல்ல. ஒருவரிடம் விண்டோஸ் 11. இன்னொருவர் இன்னும் விண்டோஸ் 10இல் இருக்கிறார். மூன்றாமவர் உபுண்டு என்ற லினக்ஸ். நாலாமவருக்குக் கனடாவிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய மெக்புக். பைதன் ஒருவரிடம் 3.9, மற்றவரிடம் 3.12. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஆளுக்கொரு பதிப்பு. ஒருவர் இரவிரவாக எழுதி முடித்ததை விடிய மற்றவர் இறக்கி ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. கேட்டால், "என்ட லெப்டொப்பில வடிவா ஓடுதே!"

அவர் சொல்வது பொய்யில்லை. அவருடைய லெப்டொப்பில் ஓடத்தான் செய்கிறது. ஒரு செயலி தனியே நாம் எழுதிய நிரலை, பேச்சில் 'கோட்' என்பதை, மட்டும் நம்பி ஓடுவதில்லை. பைதனின் பதிப்பு, அதற்கு மேல் நிறுவிய நூலகங்கள், இயங்குதளத்தில் எங்கோ கிடக்கும் சில கோப்புகள், எழுத்துருக்கள், நேர வலயம் என்று எத்தனையோ அதற்கு வேண்டும். கோட்டை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதெல்லாம் அங்கேயும் இருக்கும் என்று நம்புவதுதான் சிக்கல்.

சீனக்குடாவில் பிரீமா ஆலைக்குக் கோதுமை வருவதை எடுங்கள். கப்பலின் வயிற்றில் கொட்டியபடி வரும் தானியத்தை இறக்க, அந்தத் துறையில் அதற்கென்றே அமைத்த இயந்திரம் வேண்டும். கொழும்பில் இறங்கும் கொள்கலனுக்கு அப்படியில்லை. உள்ளே உடுப்பா, உதிரிப்பாகமா என்பது பாரந்தூக்கிக்குத் தேவையில்லாத விஷயம். பெட்டி குறித்த அளவில் இருந்தால் தூக்கி வைத்துவிடும். செயலியையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி, எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் ஓடவைக்கலாம் என்பதுதான் மென்பொருள் கொண்டெய்னரின் யோசனையும்.

ஆனால் பெட்டியோடு ஒப்பிடுவதை இதோடு விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு குட்டிக் கணினி ஓடுகிறது என்ற எண்ணம் மனதில் படிந்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் பின்னால் படும் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

அது ஒரு புரொசெஸ், அவ்வளவுதான்

கொண்டெய்னருக்குள் தனி இயங்குதளம் ஏதும் ஓடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைப் புரொசெஸ் என்பார்கள். உங்கள் லினக்ஸ் கணினியில் பிரவுசர் ஒரு புரொசெஸ், பாட்டுப் போடும் செயலி ஒரு புரொசெஸ். அதுபோலக் கொண்டெய்னரும் புரொசெஸ்தான். வித்தியாசம் என்னவென்றால், அதன் பார்வையை, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கேர்னல் மட்டுப்படுத்திவிடுகிறது.

இதற்குக் கேர்னலில் இரண்டு வசதிகள் இருக்கின்றன. ஒன்று நேம்ஸ்பேஸ். ஒரு புரொசெஸ் எதைப் பார்க்கலாம் என்பதை அது தீர்மானிக்கும். மற்ற புரொசெஸ்கள், கணினியின் பெயர், வலையமைப்பு, கோப்பு மரம் எல்லாவற்றிலும் தனக்கென்று காட்டப்படுவதை மட்டுமே அது காணும். மற்றது சீகுரூப். எவ்வளவு ராம், எவ்வளவு சீபீயூ எடுக்கலாம் என்பதற்கு அது அளவு வைக்கும். சீகுரூப் வேலையை 2006இல் கூகுள் பொறியியலாளர்கள் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24இல் அது சேர்ந்தது. நேம்ஸ்பேஸ் ஒவ்வொன்றாக, பல வருடங்களாக வந்து சேர்ந்தது. ஆக, 2013 மார்ச்சில் சொலமன் ஹைக்ஸ், பைதன்காரர்களின் பைகொன் மாநாட்டில், கொண்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் டொக்கர் என்ற கருவியை மேடையேற்றியபோது அடியில் இருந்த தொழில்நுட்பம் புதிதல்ல. கேர்னலின் உள்வீடு தெரிந்தவர்கள் மட்டும் கையாண்ட ஒன்றை, ஒரு கட்டளையில் யாரும் ஓட்டலாம் என்று ஆக்கியதுதான் டொக்கர் செய்த பெரிய காரியம்.

உபுண்டு வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். இமேஜ் என்பது கொண்டெய்னருக்கு வேண்டிய கோப்புகளின் கட்டு. அல்பைன் என்ற சின்ன இமேஜில் ஒரு கொண்டெய்னரைத் தொடங்கி, ஆயிரம் விநாடி சும்மா காத்திருக்கும் ஸ்லீப் 1000 கட்டளையை ஓடவிடுங்கள். டொக்கர் எக்ஸெக் மூலம் அதற்குள் நுழைந்து, புரொசெஸ்களைப் பட்டியலிடும் பீஎஸ் கட்டளை கொடுத்தால் ஸ்லீப்புக்கு இலக்கம் 1 என்று காட்டும். தன்னைத் தவிர இந்த உலகில் பெரிதாக யாரும் இல்லை என்பதுபோல இருக்கும். இப்போது வெளியே இன்னொரு டேர்மினலைத் திறந்து உங்கள் கணினியின் புரொசெஸ் பட்டியலைப் பாருங்கள். அதே ஸ்லீப், வேறொரு பெரிய இலக்கத்தோடு, உங்கள் பிரவுசருக்குப் பக்கத்தில் நிற்கும். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவோடு கில் -9 கொடுத்து அதை நிறுத்தினால் கொண்டெய்னரும் முடிந்துவிடும். இதை ஒருதரம் செய்து பார்த்தவருக்குப் பத்துப் பக்க விளக்கம் வேண்டியதில்லை.

கணினிக்குள் மென்பொருளால் அமைக்கும் இன்னொரு கணினியான வேர்ச்சுவல் மெஷின் என்பது வேறு. அதற்குள் தனிக் கேர்னல் ஒன்று முழுதாக பூட் ஆக வேண்டும். தொடங்க நேரம் எடுக்கும், ராமையும் ஒதுக்கி வைக்க வேண்டும். கொண்டெய்னரில் ஒரு புரொசெஸ்தானே தொடங்குகிறது, அதனால் ஒரு விநாடிக்குள் எழுந்துவிடும். இந்த வேறுபாட்டை ஞாபகத்தில் வையுங்கள். கீழே விண்டோஸ் பற்றிப் பேசும்போது முழுக்க இதிலேயே தங்கியிருக்கப் போகிறோம்.

இமேஜும் தமிழ் எழுத்துருவும்

கொண்டெய்னர் பார்க்கும் கோப்பு மரம் இமேஜிலிருந்து வருகிறது. இமேஜை உருவாக்கும் வழிமுறையை டொக்கர்ஃபைல் என்ற எளிய கோப்பில் எழுதுகிறோம்: இந்த அடிப்படையிலிருந்து தொடங்கு, இந்த நூலகங்களை நிறுவு, என் கோட்டை உள்ளே வை, இந்தக் கட்டளையை ஓட்டு. இந்த வரிகளின்படி இமேஜ் லேயர் லேயராகக் கட்டப்படும். இரண்டு இமேஜுக்கு ஒரே லேயர் பொதுவாக இருந்தால் அது ஒருதரம்தான் இறங்கும், ஒருதரம்தான் டிஸ்கில் இருக்கும்.

இமேஜில் இல்லாதது கொண்டெய்னரில் இல்லை. கேட்கும்போது சாதாரணமாக இருக்கும். அனுபவத்தில்தான் புரியும். நம் முன்பதிவுச் செயலி விருந்தினருக்குத் தமிழில் ஒரு ரசீதை பீடீஎஃப் ஆகக் கொடுக்கிறது என்று வைப்போம். லெப்டொப்பில் நேரடியாக ஓட்டும்போது "வருகைத் திகதி", "மொத்தத் தொகை" எல்லாம் அழகாக வரும். கொண்டெய்னரில் போட்டதும் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக வெறும் சதுரப் பெட்டிகள். கோட்டில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் விண்டோஸில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருந்தது. சிறிதாக்கிக் கட்டிய பைதன் இமேஜில் அது இல்லை. கொண்டெய்னருக்கு உங்கள் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறை தெரியாது. டொக்கர்ஃபைலில் நோட்டோ எழுத்துருப் பொதியை நிறுவும் வரி ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை வருவதே குறைவு, அதனால் அவர்கள் எழுதும் வழிகாட்டிகளிலும் இது பெரும்பாலும் இருக்காது. நமக்கு இது முதல் வாரத்திலேயே வரும்.

நேரமும் அப்படித்தான். பெரும்பாலான இமேஜ்கள் உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முந்தி இருக்கிறோம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த விருந்தினர் 15ஆம் திகதி விடிய 4 மணிக்கு வந்து பதிந்தால், கொண்டெய்னருக்கு அது 14ஆம் திகதி இரவு 10.30. ஒரு நாள் வாடகை கூடிவிடும். டீஇசட் என்ற சூழல் மாறிக்கு ஆசியா/கொழும்பு நேர வலயத்தைக் கொடுப்பது ஒரு வழி. அல்பைனில் நேர வலயத் தரவையும் தனியே நிறுவ வேண்டும். தரவுத்தளத்தில் பொது நேரத்திலேயே சேமித்து, காட்டும் இடத்தில் மட்டும் நம் நேரத்துக்கு மாற்றுவதுதான் நான் விரும்பும் வழி.

விண்டோஸிலும் மெக்கிலும் மறைந்திருக்கும் லினக்ஸ்

இனித்தான் முக்கியமான இடம். கொண்டெய்னர் என்பது லினக்ஸ் கேர்னலின் வசதி என்றோம். விண்டோஸிலும் மெக்கிலும் லினக்ஸ் கேர்னல் கிடையாது. அப்படியென்றால் டொக்கரை அங்கே நிறுவத் தரும் டொக்கர் டெஸ்க்டொப் செயலி எப்படி ஓடுகிறது?

உங்களுக்குக் காட்டாமல் ஒரு லினக்ஸ் வேர்ச்சுவல் மெஷினை ஓட்டுகிறது. உங்கள் கொண்டெய்னர்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. விண்டோஸில் இதற்கு, லினக்ஸை உள்ளே ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 உதவுகிறது. 2020 மே மாதம் விண்டோஸ் 10உடன் வந்த வசதி அது. மெக்கில் அப்பிளின் வேர்ச்சுவலைசேஷன் ஃபிரேம்வேர்க். கொண்டெய்னர் இலேசானது என்று படித்துவிட்டு நிறுவிய பிள்ளைகள், லெப்டொப் மூச்சு வாங்குவதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். இலேசானது கொண்டெய்னர். பாரம் அதைச் சுமக்கும் மெஷின்.

டெவலப்பர்கள் டெஸ்க்டொப்பில் கொண்டெய்னர் பற்றிச் சொல்லும் முறைப்பாடுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அநேகமாக எல்லாமே இந்த மறைந்த மெஷினில் போய் நிற்கும்.

முதலில் ராம். 8 ஜிபி லெப்டொப்பில் டாஸ்க் மனேஜரைத் திறந்தால் வீஎம்மெம் என்று தொடங்கும் ஒரு பெயர் 3, 4 ஜிபி எடுத்துக்கொண்டு மேலே நிற்கும். வைரஸ் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அதுதான் அந்த லினக்ஸ் மெஷின். வழக்கமான அமைப்பில் கணினியின் மொத்த ராமில் பாதிவரை அது எடுக்கலாம். லினக்ஸுக்கு ஒரு பழக்கம், சும்மா இருக்கும் ராமைக் கோப்புகளை வேகமாக வாசிப்பதற்காக நிரப்பி வைத்துக்கொள்ளும். தனிக் கணினியில் அது நல்ல குணம். விண்டோஸோடு பங்கு போட்டு இருக்கும்போது, பிரவுசருக்கும் எடிட்டருக்கும் மிச்சம் இராது.

இதைக் கட்டுப்படுத்தலாம். விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரு கோப்பை உருவாக்குங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் டபிள்யூஎஸ்எல்2. அடுத்த வரியில் மெமரி சமன் 3ஜிபி. நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் டீஎக்ஸ்டீ என்று ஒட்டிக்கொள்ளாமல் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் கோப்பு இருந்தும் ஒன்றும் நடக்காது, ஏன் என்றும் தெரியாது. பிறகு டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கட்டளையைக் கொடுத்து மெஷினை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். சின்னத் தரவுத்தளமும் ஒரு வலைச் செயலியும் ஓட 3 ஜிபி தாராளம்.

அடுத்தது வேகம். கோட்டை சீ டிரைவில், விண்டோஸ் கோப்புறையில் வைத்துக்கொண்டு கொண்டெய்னரை லினக்ஸுக்குள் ஓட்டினால், ஒவ்வொரு கோப்பை வாசிக்கும்போதும் இரண்டு இயங்குதளங்களுக்கு நடுவே ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். பத்துக் கோப்பு என்றால் பரவாயில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் புரொஜெக்ட் ஒன்றின் நூலகங்கள் இருக்கும் நோட்_மொடியூல்ஸ் கோப்புறையில் பல்லாயிரம் சின்னக் கோப்புகள் இருக்கும். அப்போதுதான் வலி தெரியும். இன்னொரு தொல்லையும் கூடவே வரும்: எடிட்டரில் கோப்பை மாற்றிச் சேமித்தாலும் செயலி தானாகப் புதுப்பிக்காது. கோப்பு மாறியது என்ற செய்தி அந்தப் பாலத்தைத் தாண்டி லினக்ஸுக்குப் போவதில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். புரொஜெக்டை டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருக்கும் லினக்ஸ் ஹோம் கோப்புறைக்கே மாற்றிவிடுங்கள். வீஎஸ் கோட் எடிட்டர் அங்கிருந்தே திறக்கும். என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு வேறெதையும் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய மாற்றங்களில் இவ்வளவு பலன் தருவது வேறில்லை. மெக்கிலும் இதே பாலம் உண்டு; கோப்புப் பகிர்வுக்கான வேர்டியோஎஃப்எஸ் வந்த பிறகு அங்கே நிலைமை நன்றாகவே முன்னேறியிருக்கிறது.

டிஸ்க் நிறைவது மூன்றாவது. லினக்ஸ் மெஷினின் டிஸ்க், விண்டோஸின் கண்ணுக்கு ஒற்றைப் பெரிய கோப்பு. இமேஜ்கள் சேரச் சேர அது வளரும். இமேஜ்களை அழித்தால் உள்ளே இடம் காலியாகும், ஆனால் அந்தக் கோப்பு வெளியே தானாகச் சுருங்காது. டொக்கர் சிஸ்டம் டீஎஃப் என்று கேட்டால் எது எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும். டொக்கர் சிஸ்டம் புரூன் வேண்டாதவற்றைக் கழிக்கும். அதன் பிறகு மெஷினை நிறுத்தி, விண்டோஸின் டிஸ்க்பார்ட் மூலம் அந்தக் கோப்பைச் சுருக்க வேண்டும். புரூனோடு வொலியூம் என்ற சொல்லையும் சேர்க்கும் கட்டளை எங்காவது கண்ணில் பட்டால் அப்படியே பிரதி பண்ணி ஓட்டாதீர்கள். வொலியூம் என்பது கொண்டெய்னருக்கு வெளியே தரவை வைக்கும் இடம்; தரவுத்தளத்தின் தரவு இருப்பது அதில்தான். கொண்டெய்னர் போனால் திரும்ப உருவாக்கலாம், வொலியூம் போனால் முன்பதிவுகளும் போய்விடும்.

டொக்கர் தொடங்கவே மாட்டேன் என்கிறதா? டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் வேர்ச்சுவலைசேஷன் என்ற வரியைப் பாருங்கள். டிசேபிள்ட் என்றிருந்தால், கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்க வேண்டும். மெஷின் ஒன்று ஓட வேண்டுமே.

செயலி ஓடுகிறது, ஆனால் பிரவுசரில் ஒன்றும் வரவில்லை என்பதும் அடிக்கடி கேட்கிறது. கொண்டெய்னருக்குத் தனி வலையமைப்பு இருக்கிறது என்றோமே. ஃபிளாஸ்க் போன்ற பைதன் வலைச்செயலிக் கருவிகள் வழமையாக 127.0.0.1இல் மட்டும் காது கொடுக்கும். கொண்டெய்னருக்குள் அந்த முகவரி கொண்டெய்னரைத்தான் குறிக்கும், உங்கள் லெப்டொப்பையல்ல. எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0இல் செயலியைக் கேட்கச் சொல்லி, டொக்கர் ரன் கட்டளையில் இணைப்பு வரும் வாசலான போர்ட்டையும் திறந்துவிட வேண்டும். மெக்புக் வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஒன்று: போர்ட் 5000ஐ மெக்கின் ஏயார்பிளே வசதி பிடித்து வைத்திருக்கலாம், வேறு இலக்கம் கொடுங்கள். புதிய மெக்குகளின் சிப் ஆர்ம் வகை என்பதால், இன்டெல் வகைக்கு மட்டும் கட்டிய இமேஜ்கள் அங்கே மொழிபெயர்ப்பு வழியாக மெதுவாகவே ஓடும். குழுவில் மெக்கும் விண்டோஸும் கலந்திருந்தால் இரண்டுக்கும் கட்டப்பட்ட இமேஜையே தெரிவு செய்யுங்கள்.

உபுண்டுக்காரருக்கு இவற்றில் பெரும்பாலானவை இல்லை. கேர்னல் அவர் கையிலேயே இருக்கிறது, நடுவில் யாரும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: சூடோ அடிக்கப் பஞ்சிப்பட்டு உங்களை டொக்கர் குழுவில் சேர்த்தால், அந்தக் கணக்குக்கு முழுக் கணினியின் ரூட் (தலைமை நிர்வாகி) அதிகாரத்தையே கொடுத்ததாகும். சொந்த லெப்டொப்பில் சரி. பலர் பாவிக்கும் லாப் கணினியில் வேண்டாம்.

டேட்டா குறைவாக இருக்கும்போது

பெரிய ஒபிஸ்களில் இருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்யும் நமக்கு இதுதான் முதல் கவலை. பைதனின் முழு இமேஜ் விரித்தால் கிட்டத்தட்ட 1 ஜிபி. ஸ்லிம் என்று முடியும் இமேஜ் அதில் ஒரு சிறு பங்கு. அல்பைன் 10 எம்பிக்கும் குறைவு, ஆனால் அதன் அடிப்படை நூலகம் வேறு என்பதால் சில பைதன் பொதிகள் அதில் தகராறு பண்ணும். தொடங்குகிறவர்கள் ஸ்லிம்மோடு நின்றால் போதும்.

டொக்கர்ஃபைலில் வரிசையும் காசுதான். நூலகப் பட்டியலை முதலில் உள்ளே வைத்து நிறுவுங்கள், உங்கள் கோட்டை அதற்குப் பிறகு வையுங்கள். அப்போது கோட்டில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கடைசி லேயர்கள் மட்டும் புதிதாகும். மாறி எழுதினால் ஒவ்வொரு தடவையும் எல்லா நூலகமும் திரும்ப இறங்கும். ரீலோட் போட்ட காசு பின்னேரத்துக்கு முன் தீர்ந்துவிடும்.

நாலு பேரும் தனித்தனியே இறக்க வேண்டியதுமில்லை. ஒருவர் இறக்கி, டொக்கர் சேவ் கட்டளையால் இமேஜை ஒரு டார் கோப்பாக்கி பென் டிரைவில் கொடுக்கட்டும். மற்றவர்கள் டொக்கர் லோட் என்று ஏற்றிக்கொள்ளலாம். இணையமே தேவையில்லை. லாப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கும்போது இன்னொரு மதிலிலும் முட்டுவோம். டொக்கர் ஹப் 2020 நவம்பரில், கணக்கில்லாமல் இறக்குவோருக்கு ஒரு ஐபி முகவரிக்கு 6 மணித்தியாலத்தில் 100 என்று வரம்பு வைத்தது. லாப் முழுக்க வெளியே ஒரே முகவரியாகத் தெரிந்தால், 40 பேர் ஆளுக்கு 3 இமேஜ் எடுக்க 120 ஆகிவிடும். இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து உள்நுழைந்தால் உங்கள் கணக்கு தனியாக எண்ணப்படும்.

டொக்கர் டெஸ்க்டொப்தான் வேண்டுமா?

வேண்டும் என்றில்லை. 2021 ஓகஸ்ட் இறுதியில் அந்த நிறுவனம் உரிம விதியை மாற்றியது. 250 ஊழியர்களுக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் ஒரு கோடி டொலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்கும், படிப்புக்கும், சொந்தப் பாவனைக்கும் இலவசம்; மற்றவர்கள் சந்தா கட்ட வேண்டும். மாணவர்களுக்கு இதனால் சிக்கலில்லை. நாளை பெரிய நிறுவனம் ஒன்றில் சேரும்போது, அங்கே ஏன் பொட்மேன் பாவிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கும். பொட்மேன் ரெட் ஹட் முன்னெடுப்பது. பின்னணியில் நிரந்தரமாக ஓடும் சேவை இல்லாமலே, ரூட் அதிகாரமும் இல்லாமல் கொண்டெய்னரை ஓட்டும். சூசே நிறுவனத்தின் ராஞ்சர் டெஸ்க்டொப், மெக்கில் கொலிமா என்று வேறும் உண்டு. 2015இல் இமேஜுக்குப் பொதுத் தரம் வகுக்கும் அமைப்பு உருவானதால் ஒன்றில் கட்டிய இமேஜ் மற்றதிலும் ஓடும். விண்டோஸிலும் மெக்கிலும் எதை நிறுவினாலும் அந்த மறைந்த லினக்ஸ் மெஷின் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கருவியை மாற்றினால் ராம் பிரச்சினை தீரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

8 ஜிபி விண்டோஸ் லெப்டொப்புக்கு நான் சொல்வது, டபிள்யூஎஸ்எல்லுக்குள் உபுண்டுவை நிறுவி, அதற்குள் டொக்கர் எஞ்சினை மட்டும் நேரடியாகப் போடுவது. பொத்தான் வைத்த அழகான ஜன்னல் இராது. ஆனால் கட்டளைகள் கைப்பழக்கமாகும், கொஞ்சம் ராமும் மிஞ்சும்.

4 ஜிபி லெப்டொப் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குள் இதைப் போட்டு மெனக்கெட வேண்டாம். அந்த டிஸ்கில் ஒரு 40 ஜிபியைப் பிரித்து லுபுண்டு போன்ற இலேசான லினக்ஸை நேரடியாக நிறுவுங்கள். நடுவில் மெஷின் இல்லாததால் அந்தப் பழைய லெப்டொப்பிலேயே போஸ்ட்கிரெஸும் செயலியும் கொண்டெய்னரில் சிரமமில்லாமல் ஓடும். டிஸ்கைப் பிரிக்கும் முன், வீட்டுப் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.